கதவுக்கு வெளியே கிடந்த பெஞ்சு

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். மாடி வீட்டுக்காரர்களிடம் சாமி படத்தை எடுக்கும்படி நான் சொல்லவில்லை. சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். துணி தேய்த்துக் கொடுக்கிறவரின் மனைவி என்னிடமே கேட்டுவிட்டாள்: "இன்னாம்மா, மாடி வூட்டுல முருகர எடுக்க சொல்லிட்டியாமே, மெய்யா?" போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு குடும்பத்தையே ஆண்டவர்கிட்ட கொண்டு வந்துட்டீங்களே ஆன்ட்டி" என்று கண் கலங்கினார்கள். இரு தரப்பும் தவறு. அவர்கள் சாமி அலமாரியிலிருந்து இறங்கியது ஒரு பிஸ்கட் டப்பா மட்டும்தான். முருகன் இருந்த இடத்திலேயே இருக்கிறார். இன்னும் சரியாகச் சொன்னால், டப்பாவை இறக்கச் சொன்னதும் நானில்லை, நீ. நீ போய்விட்டதால் பழி முழுவதும் என் பெயருக்கு வந்திருக்கிறது. பாராட்டும்தான்.

அந்த டப்பா இப்போது என் ஃபிரிட்ஜின் மேல் காலியாக இருக்கிறது. இன்று காலை தூசி துடைப்பதற்காக எடுத்து மூடியைத் திறந்தேன். விபூதி வாசனை. அதற்கடியில் மாத்திரை அட்டைகளின் கசந்த வாசனை. இரண்டும் சேர்ந்தால் உன் கிளினிக் வாசனை என்பது எனக்கு இதுவரை தோன்றவில்லை. நெற்றியில் மூன்று கோடாக விபூதி இழுத்துக்கொண்டுதான் நீ நோயாளிகளைப் பார்ப்பாய். நாம் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் அழிக்கச் சொல்லியும் அழிக்காத விபூதி அது.

டப்பாவை மாடிக்குத் திருப்பிக் கொடுப்பதா, நானே வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றேன். முடிவெடுக்கத் தெரியாதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. ஆனால் இந்தப் பெண்ணின் விஷயத்தில் எது எதனால் நடந்தது என்று எனக்குத் தெளிவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு நான் குழம்பிவிடவில்லை.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். அது அலுவலகப் பழக்கம்.

மாடிக்குக் குடிவந்தபோது தாரணி ஆறாம் வகுப்பில் இருந்தாள். அவள் அம்மா செல்விக்குத் தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலை. விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்துவிடும். அப்பாவுக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் ஷிப்ட் வேலை. வீடு பார்க்க வந்த அன்றே செல்வி சொன்னாள்: "மேடம், ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். பொண்ணுக்கு ஃபிட்ஸ் இருக்கு. மாத்திரை சாப்புடறா, இப்பல்லாம் வர்றதில்ல. அப்புறமா தெரிஞ்சு காலி பண்ணச் சொல்லாதீங்க." அந்த நேர்மைக்காகவே சாவியைக் கொடுத்தேன்.

அவள் பெரியவளானாள். மொட்டை மாடியில் பந்தல் போட்டு மஞ்சள் நீராட்டு நடத்தினார்கள். அதன் பிறகு வலிப்பு திரும்பி வந்தது. மாதாமாதம், சரியாக மாதவிடாய் நாட்களில். ஒரு காலை மாடிப்படியில் விழுந்தாள். சத்தம் கேட்டு நான் போவதற்குள் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து, "இரும்பு, இரும்பு, சாவி எதுனா குடுங்க" என்று என் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் திணித்தார். இதைப் போனில் உன்னிடம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது.

"ஏன்டீ, வலிப்பு என்ன கேட்டைத் திறந்துகிட்டு வெளிய போறதுக்கு உன்கிட்ட சாவி கேட்டுதா? அடுத்த தடவை அவளை ஒருக்களிச்சுப் படுக்க வை. தலைக்கு அடியில எதையாவது மடிச்சு வை. வாயில ஒண்ணும் ஊத்தாத. முழிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காரு. அவ்ளோதான் மதர் சுபீரியர்."

மதர் சுபீரியர் என்பது பள்ளியில் நீ எனக்கு வைத்த பெயர். மற்றவர்களின் பின்னலையும் ஆங்கில உச்சரிப்பையும் நான் திருத்துவேனாம். கிழவியான பிறகும் அந்தப் பெயரை நீ விடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒவ்வொரு முறையும் மாத்திரையின் அளவைக் கூட்டினார். தாரணி வகுப்பில் தூங்கி வழிந்தாள். மாதவிடாய் சமயத்தில்தான் வருகிறது என்று செல்வி அவரிடம் சொல்லவேயில்லை. ஆண் டாக்டர், கூச்சம். அவரும் கேட்கவில்லை. குரோம்பேட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் போனால், வலிப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே, "நீங்க நியூராலஜிஸ்ட்டையே பாத்துடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். நீ அதைக் கேட்டு அலுத்துக்கொண்டாய். "தலையைப் பாக்கறவர் இடுப்புக்குக் கீழ கேக்க மாட்டார். இடுப்பைப் பாக்கறவங்க தலைன்னாலே பயப்படுவாங்க. நடுவுல அந்தப் பொண்ணு. கூட்டிட்டு வா."

கூட்டிக்கொண்டு வந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் உன் வீட்டு முன்னறைதான் கிளினிக். நானும் செல்வியும் தாரணியும் உள்ளே வந்து உட்கார்ந்தோம். தேதிவாரியாக எல்லாவற்றையும் சொல்ல நான் தயாராக இருந்தேன்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாய்.

"இவளுக்குத்தான் டாக்டர்," என்றாள் செல்வி.

"அப்போ அவ மட்டும் இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க."

"நானுமா?" என்றேன்.

"ஏன், உனக்கும் வலிப்பு வருதா?"

கதவைச் சாத்திவிட்டாய். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கிடந்த அந்த மரப்பெஞ்சில் என் வயதில் யாரையாவது உட்கார வைப்பார்களா? நான் அழைத்து வந்த பெண், என் சிநேகிதியின் கிளினிக், என்னை வெளியே அனுப்புகிறாய். செல்விக்கும் பொறுக்கவில்லை. "உள்ள என்னா மேடம் கேப்பாங்க? என்னைக் கேட்டா நான் சொல்ல மாட்டனா? பெத்தவ எனக்குத் தெரியாததா அந்தச் சின்னப் புள்ளைக்குத் தெரிஞ்சுடப் போவுது?" அதே கேள்விதான் எனக்கும். ஆனால் என் சிநேகிதியை நான் விட்டுக்கொடுப்பதில்லை. "டாக்டர் கேட்பதில் ஏதோ காரணம் இருக்கும்," என்று சொல்லிவிட்டு உன் வீட்டுச் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீண்ட நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டுத் தாரணியைப் பார்த்து, "அந்த ஒண்ணை மட்டும் அம்மாகிட்ட சொல்லலாமா?" என்று கேட்டாய். அவள் தலையாட்டினாள். அதன் பிறகுதான் செல்வி பக்கம் திரும்பினாய்.

"மாத்திரை வீட்ல எங்கம்மா இருக்கு?"

"சாமி ஷெல்ஃப்ல டாக்டர். ஒரு பிஸ்கட் டப்பால போட்டு முருகர் படத்துக்கு முன்னாடி வெச்சிருக்கேன். விபூதி வெச்சு எடுத்துத்தான் குடுக்கறது. அதனாலதான் அத்தன வருஷம் ஃபிட்ஸ் வராம இருந்துது."

"காலையில யார் குடுக்கறது?"

"நான் பஸ்ஸுக்குப் போயிடுவேன். அவளே குளிச்சு, வெளக்கேத்தி, எடுத்துப் போட்டுக்குவா."

"வீட்டுக்குத் தூரமா இருந்தா?"

செல்வி தாரணியைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நாட்களில் தாரணி சாமி அலமாரியின் பக்கம் போகக் கூடாது. அப்பா எடுத்துக் கொடுப்பார் என்று செல்வி நினைத்திருந்தாள். செல்வி எடுத்து வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று அப்பா நினைத்திருந்தார். அப்பாவிடம் கேட்க வேண்டுமானால் ஏன் தானே எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்குத் தாரணிக்கு வெட்கம். ஆகவே காலை மாத்திரை அப்படியே முருகனிடம் இருந்தது. செல்விக்கும் அதே சமயத்தில் வந்துவிடுகிற மாதங்களில் இரவு மாத்திரையும். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் அலட்சியமாகவும் இல்லை. எல்லோரும் அவரவர் முறைப்படி நடந்துகொண்டதில் அந்தப் பெண் மாதாமாதம் விழுந்துகொண்டிருந்தாள்.

"நானும் முருகனைக் கும்புடறவதான்மா," என்று உன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாய். "அவருக்கு மயிலைப் பாத்துக்கவே நேரம் சரியா இருக்கும். டப்பாவை எல்லா நாளும் அவ கை படற இடத்துல வை."

எந்த இடம் என்பதில்தான் சிக்கல். அந்த நாட்களில் அடுக்களையும் கிடையாது. பீரோவையும் தொடக் கூடாது. கடைசியில் தாரணியே சொன்னாள்: "கீழ ஆன்ட்டி வீட்ல வெச்சுக்கறேன். அங்க எதுவும் கெடையாது." எங்கள் வீட்டில் தீட்டு கிடையாது என்று சொல்ல வந்தாள். எதுவுமே கிடையாது என்பது போல ஒலித்தது. நீ மேசைக்குப் பின்னால் குனிந்து சிரித்தாய்.

அன்று மாலை செல்வி டப்பாவை ஒரு துண்டில் சுற்றி, குழந்தையை ஏந்துவது போல் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். வாசலிலேயே நின்றாள். "மேடம், நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உள்ள விபூதி இருக்கு. பரவால்லயா?"

"மூடி சரியாக மூடினால் போதும்," என்றேன்.

அன்றிலிருந்து காலையிலும் இரவிலும் தாரணி இறங்கி வருவாள், நான் தண்ணீர் கொடுப்பேன், அவள் விழுங்கும்வரை பார்ப்பேன். "வாயைத் தொறந்து காட்டட்டுமா ஆன்ட்டி?" என்று கிண்டல் செய்வாள். காட்டச் சொல்வேன். சில மாதங்கள் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லிக்கொண்டேன், சர்ச்சில் சொல்லிக்கொண்டேன். வதந்தி அங்கேதான் கிளம்பியிருக்க வேண்டும்.

பிறகு, ஒரு பொங்கல் கழிந்து, டியூஷனிலிருந்து திரும்பும்போது குரோம்பேட்டை ரயில்வே மேம்பாலத்தின் மேல் விழுந்தாள். யாரோ முன்பின் தெரியாதவர்கள் அவள் பையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார்கள். மறுநாள் மாதவிடாய். ஒரு மாத்திரையும் விடுபடவில்லை, நான் என் கண்ணால் பார்த்துக் கொடுத்தது. உனக்குப் போன் செய்து சண்டை போட்டேன். டப்பாதான் காரணம் என்றாயே, இப்போது என்ன சொல்கிறாய்?

"ரெண்டும் இருக்கலாம்டீ," என்றாய். "டப்பாவும் இருக்கலாம், உடம்பும் இருக்கலாம். தூரமாகறதுக்கு முன்னாடி உடம்புல சுரக்கறதெல்லாம் ஏறி இறங்கும். சில பொண்ணுங்களுக்கு அந்த ஏத்த இறக்கமே வலிப்பைக் கிளப்பிடும். மாத்திரை ஒழுங்கா போனதாலதான் இப்போ அது தனியா கண்ணுக்குத் தெரியுது."

"அப்படியானால் முதலில் சொன்னது தப்பா?"

"தப்பில்ல. பாதி. உனக்குப் பாதின்னா பிடிக்காது, தெரியும்."

எனக்குப் பிடிக்காதுதான். இன்றும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். எந்தப் பாதி எவ்வளவு?

அதன் பிறகு நீ அந்த ஊசியைப் பற்றிச் சொன்னாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. போட்டால் நாளடைவில் மாதவிடாய் குறைந்து நின்றுவிடக்கூடும், ஏற்ற இறக்கம் அடங்கும், வலிப்பும் குறையலாம். வேறு மாத்திரைகள் உண்டு, ஆனால் இவள் சாப்பிடும் வலிப்பு மாத்திரையோடு சேர்ந்தால் அவற்றின் வீரியம் போய்விடும் என்றாய். நரம்பு டாக்டரிடம் நீயே பேசியிருந்தாய். செல்வி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"டாக்டர், இது ஹெல்த் சென்டர்ல கொழந்த வேணாம்னு சொல்றவங்களுக்குப் போடற ஊசி இல்ல? எங்க கம்பெனில ஒருத்தி போட்டுக்கினா."

"அதேதான்."

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கா?"

"ஊசிக்குக் கல்யாணம் ஆச்சான்னு தெரியாதும்மா. ஒரே அரிவாமனையிலதான் காயும் நறுக்கறோம், மீனும் நறுக்கறோம்."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் உன்னைப் பார்த்தேன். கருத்தடை பற்றிச் சர்ச்சில் நான் கேட்டு வளர்ந்தது ஒன்று, நீ சொல்வது ஒன்று. அவள் போன பிறகு உன்னிடம் கேட்டேன்: இது சரியா? நீ தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "சும்மா போடலடீ. எலும்பைக் கவனிக்கணும், வருஷக்கணக்கா போடக் கூடாது, நிறுத்தினா கர்ப்பப்பை பழையபடி வேலைக்கு வரக் கொஞ்சம் மாசம் ஆகும். எல்லாத்தையும் அவகிட்ட சொல்லணும். உடம்பு அவளோடது. செல்வியோட பயமும் நியாயம்தான், உன்னோட ஜெபமும் நியாயம்தான். ஆனா மேம்பாலத்துல விழறது நீங்க ரெண்டு பேரும் இல்ல. அவளைத் தனியா அனுப்பு."

அனுப்பினேன். அவள் தனியாக ஆட்டோவில் வந்து உன்னிடம் பேசிவிட்டுப் போனாள். நீ என்ன சொன்னாய், அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குத் தெரிவதற்குள் உனக்கு மூச்சு முட்டியது, ஆஸ்பத்திரி, பிறகு வீட்டு வாசலில் அந்தக் கூட்டம். உன் இறுதிச் சடங்கில் ஒருவர் நீ பிரசவ டாக்டர் என்று பேசினார். வயசுப் பெண்களைப் பார்க்கிற டாக்டர் என்று அதையும் அங்கேயே திருத்தினேன்.

அதன் பிறகு நாங்கள் அனைவரும் ஏதோ ரயில் நின்றுபோன மாதிரி நின்றுவிட்டோம். தாரணி பிளஸ் டூ முடித்து, தாம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். சானடோரியம் ஸ்டேஷனில் ஏறி மற்ற பெண்களோடு ரயிலில் போக வேண்டும். அவள் அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு பைக்கில் கொண்டுவிட்டார். "எல்லாரும் ட்ரெயின்ல கத்திகினே போறாங்க. நான் மட்டும் அப்பா பின்னாடி, எல்கேஜி பாப்பா மாதிரி," என்று மாத்திரையை விழுங்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். செல்விக்கோ பிளாட்பார ஓரத்தை நினைத்தாலே பயம். நடுவில் இரண்டு முறை வலிப்பு வந்தது. நல்லவேளை, வீட்டில்.

"மேடம், உங்க ஃப்ரெண்டு கடைசியா என்னா முடிவு பண்ணாங்க? ஊசி போடலாம்னாங்களா, வேணாம்னாங்களா?" செல்வி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். தெரியாது என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லாத காரியம். கடைசியில் தாரணியையே கேட்டேன். டாக்டரிடம் என்ன பேசினாய்?

"அது எனக்கும் டாக்டருக்கும் ஆன்ட்டி," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் அன்று முழுவதும் பேசாமல் இருந்தேன். பேச யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

நீ போன பிறகு வேறு டாக்டர் தேட வேண்டியிருந்தது. செம்பாக்கம் பக்கம் ஒரு இளம் பெண் டாக்டர் இருக்கிறார், நன்றாகக் கேட்டுக்கொள்கிறார் என்றார்கள். மூவரும் போனோம். செல்வி பேசினாள், விட்ட இடத்தை நான் பேசினேன், டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிக் கேட்டார். எப்போது வயதுக்கு வந்தாள்? எத்தனை நாள் போகிறது? வயிற்று வலி உண்டா? எல்லாவற்றுக்கும் நாங்களே பதில் சொன்னோம். சரியான பதில்கள்தான். தற்செயலாகக் குனிந்தபோது தாரணியின் கால்களைப் பார்த்தேன். நாற்காலிக்கு அடியில் அவை ஆடிக்கொண்டிருந்தன.

உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். நாம் கான்வென்டில் ஒன்பதாம் வகுப்பு. ரூமாட்டிக் காய்ச்சல் வந்து என் இதய வால்வு பழுதாகி, மாதாமாதம் எனக்கு இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அம்மா என்னைப் பட்டணத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். நீ துணைக்கு வந்தாய். டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அம்மாவிடம், "பெரியவளாயிட்டாளா?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார். வெளியே ஓர் உயரமான பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். நானும் உட்கார்ந்தேன். இருவருக்கும் கால் தரையில் முழுசாக எட்டவில்லை, ஆட்டிக்கொண்டிருந்தோம்.

"உள்ள என்னடீ பேசறாங்க?" என்று கேட்டாய்.

"தெரியல."

"உன்னைப் பத்தித்தானே? நீ ஏன் வெளிய இருக்க?"

அதற்குள் கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள். கடையில் எதையும் வாங்கித் தராத அம்மா அன்று நம் இருவருக்கும் ரோஸ் மில்க் வாங்கித் தந்தாள். நாம் மீசை முளைக்கக் குடித்துச் சிரித்தோம். டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா கடைசி வரையில் சொல்லவில்லை.

எனக்குத் திருமணம் பேசியபோது அம்மா மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு ஏதோ பேசினாள். அங்கேயும் நான் அறைக்கு வெளியேதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை என்னிடம் எப்போதும் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார். அந்த ஜாக்கிரதையை மென்மை என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். மென்மையாகவும் இருந்திருக்கலாம். அதுவும் பாதியோ என்னவோ. அவரைக் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை. என் இதயம் பிரசவத்தைத் தாங்காது என்றுதான் அன்று உள்ளே பேசியிருப்பார்கள் என்பது, நீ படித்து டாக்டரான பிறகு உனக்குப் புரிந்திருக்கும். என் இதயத்தின் எக்கோ ஸ்கேன் ரிப்போர்ட்டை நீ பார்க்கும்போதெல்லாம் அடுத்து ஏதாவது வேடிக்கை பேசுவாய்.

இதெல்லாம் அந்தச் செம்பாக்கம் டாக்டரின் அறையில், தாரணியின் கால்களைப் பார்த்த ஒரு நிமிடத்தில் எனக்கு வந்தது. நான் எழுந்தேன்.

"நானும் செல்வியும் வெளியே இருக்கிறோம், டாக்டர்."

டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தார். "இல்ல ஆன்ட்டி, பரவால்ல, இருங்க."

"பரவாயில்லை என்பதல்ல. இவளுடைய பழைய டாக்டரின் முறை அது."

செல்வி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "ஏன் மேடம்? இன்னும் நான் எதுவும் கேக்கவே இல்லையே!" நான் அவளை நடத்திக்கொண்டு வெளியே வந்தேன். கதவை நானே சாத்தினேன். அங்கே பெஞ்சு இல்லை, இரும்பு நாற்காலிகள். எதிரே டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. செல்வி டோக்கனை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தாள். "அந்த டாக்டரம்மா இருந்தாலாவது கேக்கலாம். இவங்க புதுசு. புள்ள என்னத்த சொல்லுதோ." எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உள்ளே இருந்து சத்தமே வரவில்லை. பிறகு ஒரு தடவை தாரணி சிரிப்பது கேட்டது. செல்வி சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் தாரணியே பேசினாள்.

"அம்மா, ஊசி போட்டுக்கறேன். கத்தாத. எலும்புக்கு மாத்திரை குடுப்பாங்க, வேணாம்னா நிறுத்திக்கலாம். கொழந்தைல்லாம் பொறக்கும், நான் கேட்டுட்டேன்."

"நீயே கேட்டியா?"

"பின்ன, நீ கேப்பியா?"

பதினெட்டு ஆகவில்லை, ஆகவே அம்மாவின் கையெழுத்து வேண்டும். செல்வி பேனாவை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் என்னைப் பார்த்தாள். ஊசி வேண்டும் என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. "என்னைப் பார்க்காதே செல்வி, அவளைப் பார்," என்றேன். அவள் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையெழுத்திட்டாள். வீட்டுக்கு வந்ததும் முருகனுக்கு விளக்கேற்றி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நீ கணக்கில் சேர மாட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

அது ஆகி, அடுத்த ஊசியும் போட்டாகிவிட்டது. இதுவரை வலிப்பு வரவில்லை. இப்போதே எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஊசியா, மாத்திரை தவறாமல் போவதா, வயதா, எனக்குத் தெரியவில்லை. செல்வி முருகன்தான் என்று எனக்குப் பஞ்சாமிர்தம் கொண்டுவந்து கொடுத்தாள். ரயிலுக்கும் ஒரு வழியாக ஒப்புக்கொண்டாள். எப்போதும் கூட இரண்டு தோழிகள், பிளாட்பார ஓரத்தில் நிற்கக் கூடாது, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாரணி அவர்களை என் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். ஒருக்களித்துப் படுக்க வைப்பதை என் கூடத்துத் தரையில் செய்து காட்டினாள். ஒரு பெண், "கையில சாவி குடுக்கணும்ல?" என்று கேட்டாள். நீ சொன்னதை வரி மாறாமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாத்திரை அட்டைகளை ஒரு சின்னப் பர்சில் போட்டு அவள் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். "எல்லா நாளும் என் கை படற இடம் ஆன்ட்டி." அப்படித்தான் டப்பா காலியானது. இப்போதெல்லாம் காலையில் நான் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகு நானே குடித்துவிடுகிறேன். ஏழரை மணி போல வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். "போய்ட்டு வரேன் ஆன்ட்டி!" அது கேட்ட பிறகு, அவள் சேர்ந்துவிட்டதாக எனக்குச் செய்தி அனுப்பும்வரை, நான் உட்காருவதில்லை. அவள் அம்மாவுக்கும் அனுப்புகிறாள். எனக்கும் அனுப்பு என்று நான் கேட்கவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், எழுந்து வெளியே போகத் தெரிந்துகொண்டேன் என்பேன். அது சின்ன விஷயம் என்று தோன்றினால், நீயும் ஒரு தடவை எனக்காக யோசித்துப் பார். அன்று அந்தப் பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே, நீ ஏன் வெளிய இருக்க என்று கேட்டாயே, அந்தக் கேள்வியைத்தான் நீ வாழ்நாள் முழுவதும் கதவைச் சாத்திச் சாத்திக் கேட்டுக்கொண்டிருந்தாயா? அல்லது அது உன் படிப்பு கற்றுக்கொடுத்த முறை மட்டும்தானா? நான் என் வசதிக்கு முடிச்சுப் போடுகிறேனா? எனக்கு விளங்கவில்லை.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். தாரணியின் ரகசியம் எனக்கு வேண்டாம், அது அவளுடையது. ஆனால் பெரியவர்கள் வெளியே போய், கதவு சாத்தியதும், அந்தப் பெண்களிடம் நீ முதலில் என்ன கேட்பாய்? எந்தச் சொற்களில் கேட்பாய்? என்னை ஒருவரும் கேட்காததால் எனக்கு அது தெரியவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இந்த வயதில் உட்கார்ந்து யோசிக்கிறேன். கேள்வி தெரியாமல் பதிலை எப்படி யோசிப்பது?

நான் வேலை பார்த்த காலமெல்லாம் ஒவ்வொரு கோப்பின் அடியிலும் ஒரே வரியை எழுதினேன். பதில் வராத கோப்புகளிலும் எழுதினேன். போனில் வேண்டாம், கனவில் வேண்டாம், யார் மூலமாகவும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

எழுத்து மூலம் பதில் தெரிவிக்கவும்.